சாவது பேட்டரி, பழி செட்டுக்கு

“செட் போச்சு சார்” என்று என் மேசையில் கொண்டுவந்து வைக்கப்படும் வாக்கி-டாக்கிகளில் பெரும்பாலானவை போகவே இல்லை. போனது பேட்டரி. அது இல்லையென்றால் ஆன்டெனா. அதுவும் இல்லையென்றால் சார்ஜர் முனையில் படிந்த அழுக்கு. உள்ளே இருக்கும் போர்டு எரிந்துபோய் வருகிற செட் அபூர்வம். ஆனால் கொண்டுவந்தவர் கையில் ஏற்கெனவே ஒரு விலைப்பட்டியல் இருக்கும். புது மாடல், டிஜிட்டல், வண்ணத் திரை, ஜி.பி.எஸ். நூறு செட் வாங்க மேலிடத்தில் ஒப்புதல் கிடைத்துவிடுமாம். நூறு பேட்டரி வாங்கக் கிடைக்காதாம். முன்னது முதலீடு, பின்னது செலவு என்று கணக்குப் பிரிவு கோடு போட்டு வைத்திருக்கிறது.

உயிர் காக்கும் வேலையில் இருப்பவர்களின் ரேடியோவைப் பற்றி நம் பக்கம் பேச்சே எழுவதில்லை. எழுந்தால் கொள்முதல் சர்ச்சையாகத்தான் எழும். தமிழ்நாடு காவல்துறைக்கு 83 கோடி ரூபாய்க்கு வாக்கி-டாக்கி வாங்கும் ஒப்பந்தத்தில் ஒற்றை டெண்டரை ஏற்றது ஏன் என்று 2018 வாக்கில் பெரிய கேள்வி எழுந்து, லஞ்ச ஒழிப்புத் துறை விசாரணை வரை போனது நினைவிருக்கலாம். யார் வாங்கினார், யாரிடம் வாங்கினார் என்று அப்போது பக்கம் பக்கமாகப் படித்தேன். அந்த செட்டுகளுக்கு மூன்றாம் வருடம் பேட்டரி யார் தருவார் என்று ஒருவர்கூடக் கேட்டு நான் படிக்கவில்லை.

நான் தர்மபுரிக்காரன். பிழைப்புக்கு மைசூரு வந்து, ஹெப்பாள் தொழிற்பேட்டை ஓரத்தில் ரேடியோ பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். தொழிற்சாலைக் காவலர்கள், ஆலைகளின் சொந்தத் தீயணைப்புக் குழுக்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், திருவிழாக் கமிட்டிகள் என் வாடிக்கையாளர்கள். போலீஸ் செட் என்னிடம் வராது; அவர்களுக்குத் தனி வயர்லெஸ் பிரிவு உண்டு. ஊரும் இந்தத் தொழிலுக்குப் பொருத்தமானதுதான். 1935-இல் எம்.வி. கோபாலசுவாமி என்ற மனோதத்துவப் பேராசிரியர் தன் வீட்டிலேயே ஒலிபரப்பு நிலையம் தொடங்கி, அதற்கு ஆகாசவாணி என்று பெயர் வைத்த ஊர் இது. அவருடையது ஒருவழிப் பேச்சு. என் பிழைப்பு இருவழிப் பேச்சில் ஓடுகிறது.

2024 டிசம்பர் 31 அன்று விடிவதற்குள் எங்கள் ஹெப்பாளில் உள்ள இன்ஃபோசிஸ் வளாகத்தில் ஒரு சிறுத்தை நடமாடியது சி.சி.டி.வி.யில் தெரிந்தது. ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். பயிற்சிக்காக விடுதியில் தங்கியிருந்த பிள்ளைகளை வெளியே வரவேண்டாம் என்றார்கள். வனத்துறையினர் கூண்டு வைத்தார்கள், டிரோன் பறக்கவிட்டார்கள். முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்த, மரம் செடி நிறைந்த வளாகம். பல நாள் தேடியும் சிறுத்தை அகப்படவில்லை. சேதி உலகம் முழுக்கப் போனது. சிரிப்புப் படங்களும் கூடவே போயின.

எனக்குத் தொழில்புத்தி வேறு மாதிரி ஓடியது. அப்படி ஒரு தேடலில் கேமரா அறையில் இருப்பவர் திரையில் சிறுத்தையைப் பார்க்கிறார் என்று வையுங்கள். கிழக்குச் சுவரோரம் போகிறது. அதை வாசல் காவலரும், ஜீப் ஓட்டுநரும், மயக்க ஊசித் துப்பாக்கியோடு நிற்கும் மருத்துவரும், புதரோரம் கால்நடையாகப் போகிற வனக்காவலரும் அதே விநாடி தெரிந்துகொள்ள வேண்டும். செல்பேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அது மேற்கே போய்விடும். வாக்கி-டாக்கியில் ஒரு முறை பொத்தானை அழுத்திச் சொன்னால் போதும், எல்லார் காதிலும் விழும். எத்தனை ஸ்மார்ட்போன் வந்தாலும் இந்தக் கருவி ஒழியாததற்குக் காரணம் இதுதான்.

இதே குணத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. செல்பேசியில் ஆள் கிடைக்காவிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு குரல் சொல்லிவிடும். வாக்கி-டாக்கி சொல்லாது. புதரோரம் போகிற காவலரின் செட்டில் பேட்டரி இறங்கிவிட்டது என்பது பேசுபவருக்குத் தெரியாது. எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார். யாரும் பேசவில்லை, அதனால் சிறுத்தை பக்கத்தில் இல்லை என்று காவலர் நினைத்துக்கொள்வார். இந்தக் கருவி சத்தமில்லாமல் தோற்கும். ஆகவே தோற்கும் முன்பே பார்த்து வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் வருமானத்துக்கு எதிராகச் சொல்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று காவலர்கள் நம்புகிறார்கள். கண்காணிப்பாளர்களும் நம்புகிறார்கள். பாதி மணல் கிடக்கும் குடத்திலும் தண்ணீர் விளிம்புவரைதான் நிற்கும். இரண்டு மூன்று வருடம் உழைத்து, கொள்ளளவில் பாதி இழந்த பேட்டரிக்கும் சார்ஜர் அதே பச்சையைத்தான் காட்டும். புதிதாக இருந்தபோது இரவு முழுக்கத் தாங்கியது, இப்போது நள்ளிரவோடு படுத்துவிடும். பகல் ஷிப்டில் இருக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது, அவர் அடிக்கடி மாற்றிக்கொள்கிறார். அகப்படுவது இரவு ஷிப்ட்காரர். அவர் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

பேட்டரியை முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, உண்மையில் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்க பேட்டரி அனலைசர் என்று ஒரு கருவி இருக்கிறது. ஐம்பது செட் வைத்திருக்கும் எந்த நிறுவனத்துக்கும் அது கட்டுப்படியாகும். நான் போய்வரும் இடங்களில் அதை வாங்கி வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். அது முடியாதென்றால் பத்து ரூபாய் மார்க்கர் போதும். பேட்டரி வந்த நாளை அதன் முதுகில் எழுதுங்கள், மாதம், வருடம். இரண்டு வருடம் தாண்டியதைத் தனியாக எடுத்து, செட்டில் போட்டு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். புதிதில் ஓடிய நேரத்தில் எண்பது சதவீதத்துக்குக் கீழே வந்ததை உயிர் காக்கும் வேலையிலிருந்து விலக்கிவிடுங்கள். தோட்டக்காரருக்குக் கொடுங்கள், பரவாயில்லை. தீயணைப்புக் குழுவுக்குக் கொடுக்காதீர்கள்.

லித்தியம் அயன் பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. மார்ச், ஏப்ரலில் ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே செட்டை வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகிறார்கள் பாருங்கள், அந்த ஒரு மணி நேரம் பேட்டரியின் ஆயுளைக் கடித்துத் தின்னும். அடுத்தது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று முழுக்க ஏற்றி அலமாரியில் வருடக்கணக்கில் பூட்டி வைப்பது. சும்மா கிடக்கப்போகிற பேட்டரியை நாற்பது சதவீத அளவில், குளிர்ந்த இடத்தில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்கு அடிக்கடி முழுக்க இறக்கி ஏற்று என்று சொல்லிக்கொடுத்த பாடத்தை இன்னமும் லித்தியத்துக்குச் செய்துகொண்டிருக்கும் மூத்த கண்காணிப்பாளர்களை நான் பார்க்கிறேன். அது இதற்கு நல்லதில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

சார்ஜர் எங்கே இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. ஓர் ஆலையில் ஆறு செட் ஏற்றும் சார்ஜரை மேலாளர் அறைக்குள் வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த அறை பூட்டப்படும். சாவி மேலாளரோடு வீட்டுக்குப் போகும். இரவில் தீப்பிடித்தால் பிடிக்கட்டும் என்று யாரும் நினைத்துச் செய்ததல்ல. பேட்டரி திருடு போகிறது என்ற கவலைதான். கவலை நியாயம், ஏற்பாடு அநியாயம்.

இனி தேர்வு. வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?” பெட்டியின் மேல் பத்து, பதினைந்து என்று அச்சடித்திருக்கும். எங்கள் ஹெப்பாளின் தகரக் கொட்டகைகளுக்கும் கான்கிரீட் சுவர்களுக்கும் நடுவே ஐந்து வாட் செட் ஒரு கிலோமீட்டர் தாண்டினாலே பெரிய விஷயம். அதே செட்டைக் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் நிற்கும் சாமுண்டி மலை உச்சியில் ஏறிப் பிடித்தால் ஊரைத் தாண்டிப் பேசும். வாட்டை விட உயரம்தான் பேசும். தடை எதுவும் இல்லாத வெளியிலும் காட்டிலும் வி.எச்.எஃப். அலைவரிசை நன்றாக ஓடும்; பந்திப்பூர், நாகரஹொளெ மாதிரி இடத்துக்கு அது சரி. கட்டடங்களுக்குள், படிக்கட்டுகளில், அடித்தளத்தில் யு.எச்.எஃப். அலைவரிசை சந்துபொந்தெல்லாம் புகும். இது பொது விதி. உங்கள் கட்டடம் விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

அதனால் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது ஒன்றே. விற்பவரிடம் இரண்டு செட் இரவல் வாங்குங்கள். கொள்முதல் குழு குளிர்சாதன அறையில் உட்கார்ந்து சோதிக்க வேண்டாம். நாளை அதைத் தூக்கிக்கொண்டு அலையப்போகிற காவலரிடம் கொடுங்கள். அவர் பாய்லர் அறைக்கும் லிஃப்ட்டுக்குள்ளும் தண்ணீர்த் தொட்டி அறைக்கும் அடித்தள வாகன நிறுத்தத்துக்கும் போய்ப் பேசட்டும். எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று கட்டட வரைபடத்தில் அவரே பென்சிலால் குறிக்கட்டும். கையுறை போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்த முடிகிறதா, இருட்டில் தடவிச் சேனல் மாற்ற முடிகிறதா என்று பார்க்கட்டும். கடைசியில் அந்த வரைபடத்தில் அவருடைய கையெழுத்து இருக்க வேண்டும்.

பணக்கார ஊர்களும் இதில் வழுக்கி விழுந்திருக்கின்றன. நியூயார்க் தீயணைப்புத் துறை 2001 மார்ச்சில் புத்தம்புது டிஜிட்டல் செட்டுகளை வீரர்கள் கையில் கொடுத்தது. சில நாளிலேயே, எரியும் வீட்டின் அடித்தளத்தில் சிக்கிய ஒரு வீரர் உதவி கேட்டுக் குரல் கொடுக்க, அது வாசலில் நின்ற சக வீரர்களுக்கே கேட்கவில்லை. போதிய களச் சோதனை இல்லாமல் வாங்கியது வெளியே வந்தது. செட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய அனலாக் செட்டுகளையே மறுபடி கொடுத்தார்கள்.

டிஜிட்டலுக்கு நான் எதிரி இல்லை. ஒரு சேனலில் இரண்டு பேச்சு ஓட்டலாம், பேட்டரி கூடுதலாகத் தாங்கும், யார் பேசுகிறார் என்று எண் காட்டும், ஒட்டுக்கேட்பதைத் தடுக்கலாம். அதே சமயம், தொலைவு கூடக் கூட அனலாக்கில் இரைச்சல் ஏறும். கேட்கிறவர் எல்லை நெருங்குகிறது என்று உணர்ந்து இரண்டடி பின்னால் வருவார். டிஜிட்டல் கடைசிவரை தெளிவாகப் பேசிவிட்டுச் சட்டென்று அறுந்துவிடும். பம்ப் ஓடும் சத்தம், அலாரச் சத்தத்துக்கு நடுவே டிஜிட்டல் பேச்சு குழம்பிப் போவதை அமெரிக்கத் தீயணைப்புத் தலைவர்கள் சங்கம் 2008-இல் சோதித்துப் பார்த்து அறிக்கையே கொடுத்தது. கூட்டச் சத்தத்துக்கு இங்கே தசரா இருக்கிறது. விஜயதசமி அன்று அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை, ஐந்து கிலோமீட்டர் போல, ஜம்பூ சவாரி ஊர்வலம் போகும்போது பேண்டு வாத்தியமும் லட்சம் தொண்டையும் சேர்ந்து எழுப்பும் சத்தத்தில் இடுப்பில் தொங்கும் செட் எதற்கு ஆகும்? தோளில் குத்தும் ஸ்பீக்கர் மைக்கோ காதில் மாட்டும் கருவியோ இல்லாமல் அங்கே ஆளை நிறுத்துவது வீண். விலைப்பட்டியலில் முதலில் அடித்துத் தள்ளப்படுவதும் அந்த மைக்தான்.

ஹெப்பாளுக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. பெயிண்ட், தின்னர், கரைப்பான் புழங்கும் கூடங்களில் சாதாரண செட் கூடாது. தீப்பொறி எழுப்பாத வகையில் செய்து சான்றிதழ் பெற்ற செட் வேண்டும். நாக்பூரில் தலைமையகம் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் பார்க்க வேண்டும். இதைப் பல ஆலைகள் ஒழுங்காகத்தான் வாங்குகின்றன. இரண்டு வருடம் கழித்து பேட்டரி போகும். அசல் பேட்டரி விலை கேட்டு அதிர்ந்து, பாதி விலையில் அதே அளவில் ஒன்றை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். பேட்டரியும் சேர்ந்ததுதான் அந்தச் சான்றிதழ். அதை மாற்றிய கணம் செட் சாதாரண செட் ஆகிவிடுகிறது. வெளியே ஒட்டிய சான்றிதழ்ச் சீட்டு மட்டும் அப்படியே இருக்கும். அந்தச் சீட்டை நம்பித்தான் ஒருவர் கரைப்பான் ஆவிக்குள் நுழைகிறார்.

இணையத்தில் விற்கும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் செட்டுகளைப் பற்றியும் கேட்பீர்கள். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில் இயங்கும் செட்டுக்கு உரிமம் தேவையில்லை என்று 2018-இல் விதி வந்தது. அந்த எல்லைக்குள் நிற்கும், வகை ஒப்புதல் பெற்ற செட் சட்டப்படி சரி. மலிவு செட்டுகள் பல அங்கே நிற்பதில்லை. குமிழைத் திருகினால் போலீஸ், வனத்துறை அலைவரிசைகளுக்குள்ளும் புகுந்து பேசும். விளையாட்டாக ஒருவர் பேச, அங்கே ஒரு ஆம்புலன்ஸ் வழிகாட்டல் அமுங்கிப் போகலாம். இப்படிப்பட்டவற்றை உரிம விவரம்கூடச் சொல்லாமல் இணையத் தளங்கள் விற்றதால்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் நோட்டீஸ் அனுப்பி, வழிகாட்டு விதிகளும் கொண்டுவந்தது. வாங்கும் இடமும் முக்கியம். 2024 செப்டம்பர் 18 அன்று லெபனானில் வெடித்த வாக்கி-டாக்கிகளில் ஜப்பானிய ஐகாம் நிறுவனத்தின் பெயர் இருந்தது. அந்த மாடலைத் தயாரிப்பதை 2014-லேயே நிறுத்திவிட்டோம் என்றது ஐகாம். அது வேறு ஒரு போரின் கதை. நம் காவலர் செட்டில் யாரும் வெடிமருந்து வைக்கப்போவதில்லை. ஆனாலும் பெயர்ச்சீட்டைப் பார்த்து மட்டும் வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று உத்தரவாதம் கிடையாது என்பதற்கு அதைவிடக் கொடூரமான சான்று வேண்டுமா?

இப்போது புதிதாக ஒரு கூட்டம் வருகிறது. சிம் கார்டு போட்ட வாக்கி-டாக்கி, இந்தியா முழுக்கப் பேசலாம் என்கிறார்கள். பேசலாம்தான், செல்பேசிக் கோபுரம் நிற்கும்வரை. எங்களுக்கு அடுத்த வீடு வயநாடு. 2024 ஜூலை 30 அன்று முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் மண்ணுக்குள் போனபோது, கல்பெட்டாவில் கோபுரத்தை நம்பாத ஹாம் வானொலி ஆர்வலர்கள் வந்து நிலையம் அமைத்து மீட்புக் குழுக்களுக்குத் தகவல் சேர்த்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை பட்ட பாடு தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையில் போன் இருந்தது, பேச வழியில்லை. பொருள் பட்டுவாடா செய்யும் நிறுவனத்துக்கு சிம் செட் நல்லது. தீயணைப்புக்கும் வெள்ளத்துக்கும் அதை மட்டும் நம்புவது கூடாது.

அதேபோல ரிப்பீட்டரை மட்டும் நம்புவதும் கூடாது. உயரமான இடத்தில் நின்று ஒரு செட்டின் பேச்சை வாங்கி உரக்கத் திருப்பிச் சொல்லும் பெட்டி அது. அதன் மாற்று மின்சாரம், மின்னல் காப்பு, தரையிணைப்பு மூன்றையும் மழைக்கு முன்பு பார்க்காவிட்டால் முதல் இடியிலேயே கண்ணை மூடும். 2001 செப்டம்பர் 11 காலை நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் நல்ல ரிப்பீட்டர் இருந்தது. 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு வைத்தது. அதை இயக்க இரண்டு பொத்தான் அழுத்த வேண்டும். மேசையில் இருந்த தலைமைக் கைக்கருவிக்கான பொத்தான் அழுத்தப்படவே இல்லை. சோதித்துப் பார்த்த அதிகாரிகள், ரிப்பீட்டர் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி வடக்குக் கோபுரத்தில் அதை விட்டுவிட்டார்கள். அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ரேடியோ மட்டுமே காரணமில்லை என்று விசாரணை ஆணையமும் விளக்கியிருக்கிறது. வெளியேறச் சொன்னதைக் கேட்டும் மெதுவாக இறங்கியவர்கள் உண்டு, வேறு சேனலில் இருந்தவர்கள் உண்டு, பணி நாள் அல்லாததால் செட் இல்லாமலே ஓடிவந்தவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பொத்தான்தான் நெஞ்சில் நிற்கிறது. கருவி இருந்தது. பழக்கம் இல்லை.

ரிப்பீட்டர் படுத்தால் செட்டுக்குச் செட் நேராகப் பேசும் சேனல் ஒன்று எல்லாச் செட்டிலும் இருக்க வேண்டும், அது எத்தனையாம் எண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் காவலர் சொல்ல வேண்டும். செட்டின் தலையில் இருக்கும் ஆரஞ்சு நிற அவசரப் பொத்தானும் அப்படித்தான். பணம் கொடுத்து வாங்கிய செட்டில் அந்தப் பொத்தானுக்கு எந்த வேலையும் புரோகிராம் செய்யாமல் விட்டிருப்பதை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். ஆபத்தில் அவர் அழுத்துவார், ஒன்றும் நடக்காது. இன்னொன்று, பேசும் பொத்தான் சிக்கிக்கொள்வது. ஜீப் இருக்கையில் மைக் மேல் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் மொத்தச் சேனலும் அடைத்துக்கொள்ளும். ஊரே அவருடைய சினிமாப் பாட்டைக் கேட்க வேண்டியதுதான். ஒரு நிமிடத்துக்கு மேல் யார் பேசினாலும் தானாக அறுக்கும் டைமரை வைக்க எனக்குச் சில நிமிடம் போதும். யாரும் கேட்பதில்லை, நானே வைத்து அனுப்புகிறேன்.

எங்கள் பேட்டையில் காவலர்கள் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். கண்காணிப்பாளர் கன்னடக்காரர், தீயணைப்புப் பொறுப்பாளர் தமிழராகவோ மலையாளியாகவோ இருப்பார். பதற்றத்தில் அவரவர் தாய்மொழிதான் வாயில் வரும். தீ, கசிவு, ஆள் மயக்கம், எல்லாரும் வெளியே வா, இந்த நாலுக்கும் எல்லாருக்கும் புரியும் சொல்லை முன்கூட்டியே முடிவு செய்து, வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும்போது செட்டிலேயே பேசிப் பழக வேண்டும். பொத்தானை அழுத்தி ஒரு விநாடி பொறுத்துப் பேசு, செட்டை வாய்க்கு நேராக நிமிர்த்திப் பிடி, ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்காதே என்பதெல்லாம் அதோடு சேர்ந்து வந்துவிடும். ஹெட்போன் துளையின் ரப்பர் மூடி தொலைந்துபோன செட்டுக்குத் தண்ணீர்த் தடுப்புச் சான்று இருந்து என்ன பிரயோஜனம்? அந்த மூடி சில்லறைக் காசு.

2008 நவம்பர் 26 இரவு மும்பை காமா மருத்துவமனை அருகே ஹேமந்த் கர்கரே, அசோக் காம்தே, விஜய் சாலஸ்கர் மூவரும் சுடப்பட்ட போலீஸ் வண்டியின் பின்பக்கத்தில், குண்டுக் காயத்தோடு உடல்களுக்கு நடுவே கிடந்தார் அருண் ஜாதவ் என்ற காவலர். பயங்கரவாதிகள் வண்டியை விட்டு இறங்கிப் போனதும், அதிலிருந்த வயர்லெஸ்ஸில்தான் அவர் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொன்னார். அந்த செட் அந்த நேரத்தில் பேசியது. அதை ஒழுங்காக வைத்திருந்த மெக்கானிக் யாரென்று எந்தப் பத்திரிகையிலும் வராது. வரவும் வேண்டாம். அவருக்கு பேட்டரியும் உதிரிபாகமும் கேட்டபோது கிடைத்தால் போதும்.

ஆகவே அரசுத் துறைகளுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். செட் ஒன்றின் விலையைப் பார்த்து டெண்டர் முடிவு செய்வதை நிறுத்துங்கள். செட், அதற்கு இரண்டு பேட்டரி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப் பேட்டரி, மைக், ஆன்டெனா, ஆண்டுக்கு ஒரு சோதனை, எல்லாம் சேர்த்து ஐந்து வருடக் கணக்கு கேளுங்கள். அப்போது மலிவு செட் மலிவாக இருக்காது. ஆடம்பர செட் பலவும் தேவையில்லை என்று தெரியும். அந்தப் பணத்தை அதே கோப்பில் ஒதுக்கிவிட்டால், மூன்றாம் வருடம் கணக்குப் பிரிவிடம் கையேந்த வேண்டாம். காவலர் கையெழுத்திட்ட வரைபடம் இல்லாத கொள்முதலுக்குப் பணம் விடுவிக்காதீர்கள். வாசகர்களும் ஒன்று செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குக் கடைசியாக எப்போது வாக்கி-டாக்கி பேட்டரி வாங்கினார்கள் என்று கேளுங்கள். செட் எப்போது வாங்கினார்கள் என்று கேட்க வேண்டாம், அதைப் படத்தோடு செய்தியில் போட்டிருப்பார்கள்.

கழித்துக் கட்டும்போதும் ஒரு கவனம் வேண்டும். பழைய செட்டுகளை மூட்டையாகக் கட்டிக் காயலான் கடைக்குப் போடுகிறார்கள். உள்ளே அலைவரிசைகள், குறியீடுகள் எல்லாம் அப்படியே இருக்கும். மூட்டையில் வந்ததை உதிரிக்காக வாங்கிப் புதுப் பேட்டரி போட்டுத் திருப்பியபோது, ஓர் ஆலையின் காவல் சேனல் என் மேசையில் உயிரோடு பேசியது. யார் எந்த வாசலில் நிற்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை அழித்துவிட்டு அந்த ஆலைக்கு போன் செய்தேன். அவர்கள் சேனலை மாற்ற ஒரு மாதம் எடுத்துக்கொண்டார்கள். பேட்டரிகளை மட்டும் காயலான் கடைக்குக் கொடுக்காதீர்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இல் வந்துவிட்டன, தயாரித்தவரே திரும்பப் பெறும் பொறுப்பு அதில் இருக்கிறது. செட்டைக் கழிப்பதற்கு முன் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் புரோகிராமை அழித்து வாங்குங்கள். நான் அதற்குக் காசு வாங்குவதில்லை.